ஒரு பேட்ஜ் எவ்வளவு விலை தாங்கும்?

1990-ஆம் ஆண்டு மாடல் செவர்லே கார்வெட் இரண்டை அருகருகே நிறுத்தினால், கார் பைத்தியம் இல்லாதவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. ஒன்றின் விலை 31,979 டாலர். இன்னொன்றின் விலை 58,995 டாலர். மூக்கு ஒன்றுதான், கண்ணாடி ஒன்றுதான், உள்ளே டாஷ்போர்டும் ஒன்றுதான். பின்னால் போய்க் குனிந்து பார்த்தால் மட்டும் விலை கூடிய வண்டியின் இடுப்பு கொஞ்சம் அகலம் என்பதும், அதன் பின்விளக்குகள் வட்டமாக இல்லாமல் சதுரமாக இருப்பதும் கண்ணில் படும்.

கூடுதலாகக் கேட்ட 27,016 டாலரில் பெரும்பகுதி பானெட்டுக்குள் ஒளிந்திருந்தது. செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், அப்போது தன் கையிலிருந்த பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய எல்டி5 எஞ்சின் அது. நான்கு கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கவைக்கும் சுழல் தண்டு), 32 வால்வு (காற்றும் புகையும் போய்வரும் கதவு), 375 குதிரைத்திறன். அதைப் பூட்டித் தந்தவர்கள் ஓக்லஹோமா மாநிலத்தின் ஸ்டில்வாட்டரில் இருந்த மெர்க்குரி மெரைன்காரர்கள். படகு எஞ்சின் செய்து பழகிய கைகள். பக்கத்தில் நின்ற சாதாரண கார்வெட்டுக்கு 245 குதிரைத்திறன்தான்.

இசட்ஆர்-1 என்று பெயர் வைத்த இந்த வண்டியை முதல் ஆண்டு அடித்துப் பிடித்து வாங்கினார்கள். அச்சிட்ட விலைக்கு மேலே காசு வைக்கவும் ஆள் இருந்தது. அந்த ஆண்டு 3,049 கார்கள் தயாராயின. 1991-இல் 2,044. 1992-இல் 502. அதன் பிறகு மூன்று ஆண்டுகளும் தலா 448. மொத்தம் 6,939-உடன் கதை முடிந்தது. எஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1991-இல் சாதாரண கார்வெட்டுக்கும் அதே சதுர விளக்கை மாட்டிவிட்டார்கள். 1992-இல் அதன் எஞ்சினையும் 300 குதிரைத்திறனுக்கு உயர்த்திவிட்டார்கள். ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கொடுத்தவர், தான் எதற்குக் கொடுத்தோம் என்பதைப் பானெட்டைத் திறந்து காட்டிப் புரியவைக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டார்.

குடும்பக் கார், டிரக், டெலிவரி வேன் என்று விற்றுப் பிழைக்கும் வெகுஜன பிராண்டுகள் அதிவேக ஸ்போர்ட்ஸ் கார் செய்யும்போதெல்லாம் இந்தக் கதை வேறு வேறு வேடத்தில் திரும்ப வருகிறது. அந்தக் கார்களின் விலையைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் அல்ல. முகப்பில் எந்தப் பெயர், அதாவது எந்த பேட்ஜ் இருக்கிறது, எந்தக் காரோடு ஒப்பிட்டு ‘இதைவிட இது மலிவு’ என்று சொல்ல முடிகிறது என்பதும்தான். அந்த ‘மலிவு’ போய்விட்டால், பாதி நேரம் காரின் கவர்ச்சியும் கூடவே போய்விடுகிறது.

மலிவு எங்கிருந்து வருகிறது

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு மஸ்டாங்கை அறிமுகப்படுத்தியபோது அதன் தொடக்க விலை 2,368 டாலர். நீண்ட பானெட், குட்டை வால், பார்த்தவுடன் மனசில் ஒட்டிக்கொள்ளும் வடிவம். தோலை உரித்தால் உள்ளே பெரும்பாலும் ஃபால்கன் என்ற சாதுவான குடும்பக் கார்தான். புதுச் சட்டை, பழைய உடம்பு. முதல் நாளே 22,000 ஆர்டர்கள் குவிந்தன. இரண்டு ஆண்டுகளுக்குள் பத்து லட்சம் கார்களைத் தொட்டது.

பெரிய நிறுவனத்தின் பலமே இதுதான். கண்ணாடி ஏற்றும் மோட்டார், ஏசி, பிரேக் கணினி, கதவுப் பிடி, மோதல் சோதனைக் கூடம், பெயின்ட் கடை, சர்வீஸ் வலைப்பின்னல் எல்லாம் ஏற்கெனவே லட்சக்கணக்கான கார்களுக்காகக் காசு போட்டு வைத்தவை. ஸ்போர்ட்ஸ் கார் அந்த வீட்டில் வந்து உட்காரும் கடைசிப் பிள்ளை. தட்டு, டம்ளர் எல்லாம் தயார்.

ஒரு கற்பனைக் கணக்குப் போடலாம். ஒரு காரை உருவாக்க 100 கோடி டாலர் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் கார் விற்றால் ஒவ்வொன்றின் தலையிலும் 10,000 டாலர் விழும். 5,000 கார் மட்டும் விற்றால் 2 லட்சம் டாலர். ஒரு திருகாணியைக்கூட மாற்றவில்லை; எண்ணிக்கை மட்டும்தான் மாறியிருக்கிறது. சிறு நிறுவனங்களின் ஸ்போர்ட்ஸ் கார் ஏன் யானை விலை குதிரை விலை சொல்கிறது என்பதற்குத் தோலும் கார்பன் ஃபைபரும் பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் இந்த வகுத்தல் கணக்கு.

இந்தக் கணக்கை உச்சத்துக்குக் கொண்டுபோன கார், 2019 ஜூலையில் அறிமுகமான எட்டாம் தலைமுறை கார்வெட். முதல் முறையாக எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் போனது. அதுவரை அந்த ‘நடு எஞ்சின்’ அமைப்பு என்றாலே ஃபெராரி, லம்போர்கினி என்றுதான் நினைப்பு வரும். செவர்லே தொடக்க விலையை 60,000 டாலருக்குக் கீழே வைத்தது. சரியான ஆப்ஷன்களோடு வாங்கினால் மணிக்கு 60 மைல் வேகத்தை 3 விநாடிக்குள் எட்டும்.

எப்படிக் கட்டுப்படியாகிறது என்று பார்க்க அந்த 6.2 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். ஃபெராரி வகை எஞ்சினில் சிலிண்டர் வரிசை ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டிரண்டாக மொத்தம் நான்கு கேம்ஷாஃப்ட் சுழலும். கார்வெட்டில் ஒன்றே ஒன்று. அது இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே, அடியில் படுத்திருக்கிறது. அங்கிருந்து மெல்லிய கம்பிகள் மேலே ஏறி வால்வுகளைத் தள்ளித் திறக்கின்றன. வால்வுகளும் 32 அல்ல, 16. செயின் குறைவு, கியர் குறைவு, எஞ்சினின் உயரமும் குறைவு. அதிவேகச் சுழற்சிக்கு இந்தக் கம்பிகள் இடைஞ்சல்தான். ஆனால் அதே குடும்பத்து வி8-களை செவர்லே தன் டிரக்குகளுக்காக மலைபோலத் தயாரிக்கிறது. பழைய தொழில்நுட்பம் என்று கேலி செய்பவர்கள் உண்டு. அந்தக் கேலிக்குரிய எஞ்சின்தான் விலைப்பட்டியலில் 60,000-த்துக்குக் கீழே ஓர் எண்ணை எழுத வைத்தது.

இதற்கு நேர் சாட்சி அதே காரின் அண்ணன். 2023 மாடலாக வந்த இசட்06-இல் 5.5 லிட்டர் எஞ்சின், நான்கு கேம்ஷாஃப்ட், 32 வால்வு, நிமிடத்துக்கு 8,600 சுழற்சி, 670 குதிரைத்திறன். ஒவ்வொரு எஞ்சினையும் கையால் பூட்டுகிறார்கள். தொடக்க விலை ஒரே தாவலில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது.

எண்ணிக்கை கிடைக்காத நிறுவனங்கள் பகையாளியோடு கூட்டுக்குடித்தனம் போகின்றன. 2019-இல் திரும்பி வந்த டொயோட்டா சூப்ரா, பிஎம்டபிள்யூ இசட்4-இன் உடன்பிறப்பு. இரண்டும் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஒரே ஆலையில் உருவாகின. கதவைத் திறந்தால் திரையும் திருகும் பொத்தானும் பிஎம்டபிள்யூவுடையவை என்று ரசிகர்கள் இன்றுவரை முணுமுணுக்கிறார்கள். எனக்கு அந்த முணுமுணுப்பில் பெரிய நியாயம் தெரியவில்லை. தனியாகச் செய்திருந்தால் 50,000 டாலரை ஒட்டிய விலையில் ஆறு சிலிண்டர் சூப்ரா வந்திருக்கவே வந்திருக்காது.

தலையில் இடிக்கும் கூரை

மலிவாகச் செய்ய முடிகிறது, சரி. கொஞ்சம் விலையை ஏற்றினால் என்ன? அங்கேதான் தலை இடிக்கிறது.

1990-இல் ஹோண்டா என்எஸ்எக்ஸ் வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. முழு அலுமினிய உடல், 3 லிட்டர் வி6, 270 குதிரைத்திறன். ஜப்பானின் சுஸுகா பந்தயத் தடத்தில் ஃபார்முலா 1 வீரர் அயர்டன் சென்னா ஓட்டிப் பார்த்து, உடலின் உறுதி போதாது என்று சொல்ல, அதைத் திருத்தினார்கள். விலை 60,000 டாலரை ஒட்டி. ஃபெராரி 348-ஐவிட மிகக் குறைவு. அதைவிட முக்கியம், தினமும் காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பும். சாலை தெளிவாகத் தெரியும், ஏசி குளிரும். அந்தக் காலத்து இத்தாலியக் கார்கள் இதையெல்லாம் உறுதியாகத் தருவதில்லை.

பிறகு ஹோண்டா மெல்ல மெல்ல விலையை ஏற்றியது. 2005-இல் 89,000 டாலரைத் தாண்டிவிட்டது. சக்தி 290 குதிரைத்திறனிலேயே நின்றது. அதற்குள் எதிராளிகள் எங்கேயோ போய்விட்டார்கள். 2016-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் மூன்று மின்மோட்டார்கள், 573 குதிரைத்திறன், அமெரிக்காவின் ஓஹியோவில் இதற்கென்றே தனி ஆலை. விலை 1,56,000 டாலர். அந்தக் காசுக்கு அன்று ஏறக்குறைய ஒரு போர்ஷே 911 டர்போவே கிடைத்தது. ஆறு ஆண்டுகளில் உலகம் முழுவதும் 3,000 கார்கூட விற்கவில்லை. நல்ல கார் இல்லையா என்றால், நல்ல கார்தான். ஆனால் முதல் என்எஸ்எக்ஸ் கேட்ட கேள்வி, ‘ஃபெராரிக்கு ஏன் அவ்வளவு கொடுக்கிறீர்கள்?’ இரண்டாவது என்எஸ்எக்ஸைப் பார்த்து வாங்குபவர் கேட்ட கேள்வி, ‘ஹோண்டாவுக்கு ஏன் இவ்வளவு கொடுக்க வேண்டும்?’

டாட்ஜ் வைப்பரும் இந்தக் கூரையில் இடித்துக்கொண்டது. 2013 மாடலாக மீண்டும் வந்தபோது ஒரு லட்சம் டாலரை ஒட்டிய விலை. கார்கள் தேங்கின, அடுத்த ஆண்டு ஆலையைச் சில வாரம் மூடிவைத்தார்கள், 2014 செப்டம்பரில் ஒரே அடியாக 15,000 டாலர் குறைத்தார்கள். 2017-இல் உற்பத்தியே நின்றது.

இந்தக் கூரையை வெறும் பந்தா என்று ஒதுக்கிவிட முடியாது. பந்தாவும் உண்டு. ஆனால் ஒன்றரை லட்சம் டாலர் கொடுத்தவர் சர்வீஸுக்கு வரும்போது, சின்னக் காருக்கு ஆயில் மாற்ற வந்தவருக்குப் பக்கத்து நாற்காலியில் அதே காபி மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் காரை முழுசாகத் தெரிந்த மெக்கானிக் அந்த டீலரிடம் ஒருவர் இருந்தாலே பெரிது. மூன்று ஆண்டு கழித்து விற்கப் போனால், அடுத்து வாங்குபவரும் இதையே யோசிப்பார். விலை அதிகமான காரில் உண்மையான செலவு வாங்கிய விலை அல்ல, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள இடைவெளி. அந்த இடைவெளியில்தான் பேட்ஜ் தன் வேலையைக் காட்டுகிறது. 60,000-த்துக்கு வாங்கி 45,000-க்கு விற்பவர் புலம்புவதில்லை. 1,50,000-க்கு வாங்கி 90,000-க்கு விற்பவர் ஊரெல்லாம் சொல்வார்.

நிறுவனங்களுக்கும் இது தெரியாமல் இல்லை. மஸ்டாங்கின் முன்பக்க கிரில்லில் பாருங்கள்: ஓடும் குதிரை இருக்கும், ஃபோர்டின் நீல நீள்வட்டம் இருக்காது. கார்வெட்டின் மூக்கில் இரட்டைக் கொடி. அமெரிக்காவில் என்எஸ்எக்ஸை அக்யூரா என்ற ஹோண்டாவின் சொகுசு பிராண்டு பெயரில்தான் விற்றார்கள். டொயோட்டா 3,75,000 டாலருக்கு எல்எஃப்ஏ என்ற ஸ்போர்ட்ஸ் கார் செய்தபோது அதன் மேல் தன் சொகுசு பிராண்டான லெக்சஸின் பெயரை எழுதியது. அப்படி எழுதியும், 500 கார்களில் கடைசியானது 2012-இல் தயாரான பல ஆண்டுகளுக்குப் பிறகும் அமெரிக்க டீலர்களிடம் விற்காத சில மிச்சமிருந்தன. இன்று அதே காருக்கு ஏலத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் போன சம்பவங்கள் உண்டு. புதிதாக இருக்கும்போது விலை அதிகம் என்று ஒதுக்குவதும், செய்வதை நிறுத்தியதும் அடித்துக்கொள்வதும் இந்த வகைக் கார்களுக்கு விதித்த விதி போல. அந்தப் பணம் எதுவும் டொயோட்டாவுக்கு வராது என்பது வேறு விஷயம்.

நிசான் ஜிடி-ஆர் மட்டும் கூரையைக் கொஞ்சம் மேலே தள்ளியது. 2007 டிசம்பரில் ஜப்பானில் 77.7 லட்சம் யென்னுக்கு விற்பனை தொடங்கியது; அமெரிக்காவில் 2008-இல் 69,850 டாலர், 911 டர்போவின் விலையில் ஏறக்குறைய பாதி. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தை 7 நிமிடம் 29 விநாடியில் சுற்றியதாக நிசான் அறிவிக்க, போர்ஷே தரப்பு நம்ப மறுத்து ஒரு காரை வாங்கியே சோதித்தது. அதைவிட நல்ல விளம்பரத்தை நிசானால் காசு கொடுத்தும் வாங்கியிருக்க முடியாது. எஞ்சினைப் பூட்டிய கைவினைஞரின் பெயரைச் சிறு தகட்டில் பொறித்து அந்த எஞ்சின் மேலேயே ஒட்டினார்கள். ‘ஜிடி-ஆர்’ என்பது நிசானிலிருந்து பிரிந்து தனி பேட்ஜாகவே மாறியது. அதனால் 2025 ஆகஸ்டில் கடைசிக் கார் வெளியே வருவதற்குள் அமெரிக்க விலை 1,20,000 டாலரைத் தாண்ட முடிந்தது. 18 ஆண்டுகளில் மொத்தம் 48,000 கார்கள். ஆனால் முதல் சில ஆண்டுகளில் உலகத்தைக் கலக்கியது அந்த 69,850 என்ற எண்தான். கடைசி ஆண்டுகளில் வாங்கியவர்கள் ஏற்கெனவே பக்தர்கள்.

ஃபோர்டு ஜிடி வழி வேறு. 2017-இல் வந்த இந்தக் காரின் விலை நாலரை லட்சம் டாலரை ஒட்டி. பணம் இருந்தால் மட்டும் போதாது, விண்ணப்பம் போட வேண்டும். யாருக்குக் கொடுப்பது என்று ஃபோர்டே தேர்ந்தெடுத்தது. இரண்டு ஆண்டுக்குள் விற்கக்கூடாது என்று ஒப்பந்தம். மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா சில வாரங்களிலேயே விற்றுவிட, ஃபோர்டு 2017-இல் அவர் மேல் வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டு சமரசம் ஆனது. ஃபெராரி காலகாலமாகச் செய்யும் வேலையை நீல நீள்வட்டத்தோடு செய்து காட்டினார்கள். 1966-இல் லெ மான் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் பிடித்த ஜிடி40-இன் வாரிசு என்பதால் அது செல்லுபடியானது. இந்தப் பழங்கதை இல்லாத பிராண்டு இதே விலையைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

இடையில் நிற்பவர்

மலிவு விலையில் இன்னொரு சிக்கல்: அது வாங்குபவர் கைக்கு அப்படியே வந்து சேர்வதில்லை. அமெரிக்காவில் 1958-இல் இயற்றிய சட்டத்தின்படி ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் விலைத்தாள் ஒட்டியாக வேண்டும். ஆனால் அதிலிருப்பது ‘பரிந்துரைக்கப்பட்ட’ விலைதான். டீலர் தனி வியாபாரி. மாநிலச் சட்டங்கள் அவருக்குப் பெரும் பாதுகாப்பு தருகின்றன. ‘இந்த விலைக்குத்தான் விற்க வேண்டும்’ என்று நிறுவனம் கட்டளையிட முடியாது.

எட்டாம் தலைமுறை கார்வெட்டுக்கு முதல் சில ஆண்டுகள் பல டீலர்கள் பல்லாயிரம் டாலர் கூடுதலாகக் கேட்டார்கள். வாங்கி, வீட்டுக்குக்கூடக் கொண்டுபோகாமல் கைமாற்றி விடுபவர்களும் கிளம்பினார்கள். 2022-இல் ஜெனரல் மோட்டார்ஸ், ஓராண்டுக்குள் இசட்06-ஐ விற்றால் வாரண்டியின் முக்கியப் பகுதிகள் செல்லாது என்றது. வைத்திருப்பவர்களுக்கு வெகுமதிப் புள்ளிகள் தருவதாகவும் சொன்னது. டாட்ஜ் 2018-இல் 3,300 டீமன் கார்களை மட்டும் செய்தபோது வேறு தந்திரம் செய்தது: அச்சிட்ட விலைக்கோ அதற்குக் கீழோ பேசி முடித்தவர்களின் கார்களை முதலில் தயாரித்தது.

கூடுதலாக வரும் அந்தப் பணத்தில் நிறுவனத்துக்குச் சல்லிக்காசு கிடையாது. அப்படியிருக்க, தானே விலையை ஏற்றிவிடலாமே? அடிமட்ட விலை விளம்பரப் பலகை என்பதால் கை வைக்கத் தயங்குகிறார்கள். ‘60,000 டாலருக்கு நடு எஞ்சின் கார்’ என்ற ஒரு வரி பத்திரிகைகளிலும் யூடியூபிலும் தந்த இடத்தை விளம்பரம் கொடுத்து வாங்க முடியாது. லாபத்தை மேல்படிகளில் எடுத்துக்கொள்ளலாம்: பெரிய சக்கரம், கார்பன் பாகங்கள், இசட்06, அதற்கு மேல் இசட்ஆர்1. கீழ்ப்படி ஆளைக் கடைக்குள் இழுக்கிறது, மேல்படி பையைக் காலி செய்கிறது.

குதிரைத்திறன் மலிந்த காலம்

இத்தனை காலம் விலைக்கு நியாயம் சொல்லக் குதிரைத்திறன் என்ற எண் இருந்தது. அதுவும் இப்போது நழுவுகிறது. 2015-இல் டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட் 60,000 டாலருக்கு 707 குதிரைத்திறன் தந்தபோதே சந்தை குழம்பியது. மின்கார்கள் வந்ததும் கணக்கே மாறிவிட்டது. ஹூண்டாயின் அயோனிக் 5 என், 641 குதிரைத்திறன், அமெரிக்காவில் வந்தபோது 66,100 டாலர். ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் மூட்டை முடிச்சும் வைக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் காரில் ஹூண்டாய் சிரமப்பட்டுச் செய்த வேலை இல்லாத கியருக்கு. ஸ்டீயரிங் பின்னாலிருக்கும் பிடியை இழுத்தால் கியர் மாறுவது போல ஒரு வெட்டு, ஸ்பீக்கரில் ஓர் உறுமல். தேவையான கியர் மாற்றாவிட்டால் கார் ‘மூச்சு முட்டி’ நிற்பது போல நடிக்கிறது. வேகம் யாருக்கும் கிடைக்கும் சரக்காகிவிட்டதால், உணர்வை விற்க வேண்டியிருக்கிறது. கையால் கியர் போடும் ஹோண்டா சிவிக் டைப் ஆரும், மூன்றே சிலிண்டரில் குதிக்கும் டொயோட்டா ஜிஆர் யாரிஸும் தங்கள் சாதாரணத் தம்பிகளைவிட அவ்வளவு விலை கூட இருந்தும் ஆள் சேர்ப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். 1989-இல் 13,800 டாலருக்கு வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 பலவீனமான எஞ்சினோடு 2016-க்குள் பத்து லட்சம் கார்களைத் தாண்டியதும் இதே பாடத்தைத்தான் முன்கூட்டியே சொல்லியிருந்தது.

ஆனாலும் மேல்படி ஆசை விடவில்லை. ஃபோர்டு, மஸ்டாங் ஜிடிடி என்று 815 குதிரைத்திறனில் ஒரு காரை 3 லட்சம் டாலருக்கு மேல் விற்கிறது. செவர்லே 2025 மாடலாகக் கொண்டுவந்த இசட்ஆர்1-இல் இரட்டை டர்போ, 1,064 குதிரைத்திறன், மணிக்கு 233 மைல். அறிமுகத்தில் விலை 1,75,000 டாலரை ஒட்டித் தொடங்கியது. 1990-இல் செய்த தவறை இம்முறை செய்யவில்லை. பின்கண்ணாடியின் நடுவே முதுகெலும்பு போல ஒரு பட்டை, பானெட்டில் பெரிய வாய், ஆப்ஷனில் ஆளுயர அகலத்துக்கு இறக்கை. கொடுத்த காசு நூறடி தூரத்திலிருந்தே தெரியும்.

கதவைத் திறந்து உட்கார்ந்தால்தான் பழைய கதை எட்டிப் பார்த்தது. ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே சுவர் போல இறங்கும் நீண்ட பொத்தான் வரிசை, அடிமட்டக் கார்வெட்டில் இருந்த அதே வரிசை. அங்கே யாரும் பெரிதாகக் குறை சொல்லாத பிளாஸ்டிக், இந்த விலையில் உறுத்தியது. 2026 மாடலில் அந்தச் சுவரை எடுத்துவிட்டு உட்புறத்தையே மாற்றி அமைத்தார்கள். இசட்ஆர்1-க்கு மட்டும் தனியாகச் செய்தால் கணக்கு உதைக்கும். அதனால் மிகக் குறைந்த விலைக் கார்வெட்டுக்கும் அதே புது உட்புறம் வந்து சேர்ந்தது.